எரியும் ஏரியும் பிரிந்து தெரிய வேண்டும்

கேள்வி: ஐயா, வணக்கம். பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன். வயது 61. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தமிழ்ப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் லேப்டாப் முன்னால்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் 15.6 அங்குல லேப்டாப் ஒன்று வாங்கினேன். முதல் நாளிலிருந்தே திரை வெளிறிப்போய்த் தெரிகிறது. சார்ஜர் போட்டால் அம்புக்குறி தானாகக் குதிக்கிறது. இரண்டு மாதமாக டச்பேட் சரியாக அமுங்குவதில்லை. ஒரு ஓரம் சற்றுத் தூக்கிக்கொண்டும் நிற்கிறது. வலது தோள்பட்டை இறுகிப்போனதால் மவுஸுக்குக் கை நீட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தனி மேசையும் கிடையாது. காலையில் சாப்பாட்டு மேசை, பிற்பகலில் பால்கனி ஓரம். பெரிய திரையும் நல்ல டச்பேடும் வேண்டும். 17.3 அங்குல கேமிங் லேப்டாப் வாங்கச் சொல்கிறான் மகன். கடைக்காரர் ஓஎல்இடி திரைதான் சிறந்தது என்கிறார். 90,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். மறுபடியும் தவறானதை வாங்கிவிடக் கூடாதே என்று பயமாக இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: அம்மா, வணக்கம். புதியதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், பழைய லேப்டாப்பில் இன்றே செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. டச்பேட் அமுங்கவில்லை, ஓரம் தூக்கி நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இது அநேகமாக டச்பேடின் கோளாறு இல்லை. அதற்குக் கீழே இருக்கும் பேட்டரி உப்பியிருக்கிறது.

கையை ஊன்றும் பகுதிக்கு அடியில்தான் பெரும்பாலான லேப்டாப்களில் பேட்டரியை வைத்திருப்பார்கள். லித்தியம் பேட்டரி பழசானால் உள்ளே வாயு உண்டாகிப் பை போல வீங்கும். வீங்கிய பேட்டரி டச்பேடைக் கீழிருந்து தள்ளும். அமுங்குவதற்கு இடம் இல்லாமல் போவதால் அது கல் மாதிரி ஆகிவிடும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக லேப்டாப்களைப் பிரித்துச் சரிசெய்யும் வேலையில் இருக்கிறேன். "டச்பேட் மாற்ற வேண்டும்" என்று வருகிறவர்களில் பலருக்கு நான் மாற்றிக் கொடுப்பது பேட்டரியைத்தான்.

ஆகவே சார்ஜரைக் கழற்றுங்கள், லேப்டாப்பை அணைத்துவிடுங்கள். டச்பேடை அழுத்திச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். மெத்தை, திரைச்சீலை, அடுப்பு இவற்றுக்கு அருகில் வைக்காமல் தனியாக வையுங்கள். நாளைக்கே அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கோ, அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கிடமோ எடுத்துப் போய்ப் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குத்தினால் தீப்பிடிக்கும். கழற்றிய பேட்டரியும் குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. மின்கழிவு வாங்குகிறவர்களிடம்தான் சேர வேண்டும்.

இனிப் புதியதுக்கு வருவோம்.

நீங்கள் கேட்ட இரண்டும் சரியான இரண்டு. கடையில் பெரும்பாலோர் முதலில் கேட்பது பிராசசரைப் பற்றித்தான். விற்பவரும் அதைத்தான் முதலில் ஒப்பிப்பார். மெய்ப்புப் பார்க்கிறவருக்கு இன்று சந்தையில் உள்ள நடுத்தர பிராசசர் எதுவானாலும் போதும், பல ஆண்டுகளுக்குப் போதும். சேமிப்பு இடம் பத்தாவிட்டால் பிறகு கோப்புகள் தங்கும் எஸ்எஸ்டியை மாற்றிக்கொள்ளலாம். திரையும் டச்பேடும் அப்படியல்ல. வாங்கிய நாளில் எப்படி இருந்தனவோ அப்படியேதான் கடைசிவரை. பழைய 15.6 அங்குல லேப்டாப் சிலவற்றில் மங்கலான திரையைக் கழற்றிவிட்டு நல்ல திரை போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் கனெக்டர் பொருந்த வேண்டும், வாரண்டி போய்விடும், எல்லா மாடலிலும் நடக்காது. அதை நம்பி ஒன்றை வாங்க முடியாது. உங்கள் 90,000 ரூபாயில் கண்ணுக்கும் விரலுக்கும் உரியதை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் மற்றதைப் பாருங்கள்.

மகன் சொல்லும் 17.3 அங்குலத்தை எடுத்துக்கொள்வோம். அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. அது திரையின் உயரத்தைச் சொல்லாது. உங்கள் பழைய 15.6 அங்குலத் திரையின் அகலமும் உயரமும் 16:9 விகிதத்தில் இருந்திருக்கும். அகலம் ஏறக்குறைய 34.5 செ.மீ., உயரம் 19.4 செ.மீ. இப்போது வரும் 16 அங்குல லேப்டாப்களில் பெரும்பாலானவை 16:10 விகிதம். அவற்றில் அகலம் அதே 34.5 செ.மீ., உயரம் மட்டும் 21.5 செ.மீ. ஆகிறது. 17.3 அங்குலத் திரை பழையபடி 16:9 விகிதத்தில்தான் பெரும்பாலும் வருகிறது. அதன் அகலம் 38.3 செ.மீ.; உயரம் எவ்வளவு தெரியுமா? அதே 21.5 செ.மீ. பக்கத்தை மேலிருந்து கீழாகப் படிக்கிற உங்களுக்கு 17.3 அங்குலம் ஒரு வரியைக்கூடக் கூடுதலாகக் காட்டாது. இடமும் வலமும்தான் நீளும். எடையோ பெரும்பாலும் இரண்டு கிலோவைத் தாண்டும். சாப்பாட்டு மேசையிலிருந்து பால்கனிக்கு நாள்தோறும் அதைத் தூக்கப்போவது உங்கள் தோள்தான், மகனின் தோள் அல்ல.

16 அங்குலம், 16:10. அளவைப் பொறுத்தவரை இதுவே என் முடிவு. பழைய லேப்டாப் வைத்த இடத்திலேயே இதுவும் உட்காரும், நான்கு வரி அதிகமாகக் காட்டும்.

அடுத்ததுதான் உங்கள் தொழிலின் உயிர்நாடி: அந்தப் பரப்புக்குள் எத்தனை ஒளிப்புள்ளிகள் (பிக்சல்கள்) இருக்கின்றன என்பது. ஆங்கிலம் படிக்கிறவருக்குச் சுமாரான திரை போதும். தமிழுக்குப் போதாது. எரிக்கும் ஏரிக்கும் நடுவே இருப்பது கீழே இழுத்த ஒரு சின்னக் கோடு. கெடு, கேடு இரண்டையும் பிரிப்பது கொம்பின் தலையில் உள்ள ஒரு சுழி. 'தி'யா, 'தீ'யா என்பதைச் சொல்வது ஒரு வளைவு. துணைக்காலும் ரகரமும் பல எழுத்துருக்களில் அக்காள் தங்கை மாதிரிதான் இருக்கும். மெய்யெழுத்தின் புள்ளியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று தேடுவதற்குத்தானே உங்களுக்குக் கூலி கொடுக்கிறார்கள்.

திரையில் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஓர் எழுத்து தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1920×1080 புள்ளிகள் உள்ள 15.6 அங்குலத் திரையில் அந்த எழுத்துக்குக் கிடைப்பது மேலிருந்து கீழாக 17 புள்ளி வரிசைகள். அதே 1920×1080 புள்ளிகளை 17.3 அங்குலத்துக்கு இழுத்துப் பரப்பினால் 15தான் கிடைக்கும். திரை பெரிதாகிறது, எழுத்தின் ஓரம் மழுங்குகிறது. 2560×1600 புள்ளிகள் உள்ள 16 அங்குலத் திரையில் அதே எழுத்துக்கு 22 வரிசைகள் கிடைக்கும். ஏகாரத்தின் சுழிக்குள் வெள்ளை இடம் தெரிவதும், அது கறுப்பாக அடைத்துக்கொள்வதும் இந்த ஐந்து வரிசைகளில்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் பார்க்கிற கண்ணுக்கு இது பெரிய வித்தியாசம். சாயங்காலம் வரும் தலைவலிகளில் ஒரு பங்கு இங்கேதான் பிறக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

புள்ளிகள் கூடினால் எழுத்து சிறிதாகிவிடுமே என்று சிலர் தயங்குவார்கள். விண்டோஸ் அமைப்பில் திரைப் பகுதிக்குப் போய் அளவை 150 அல்லது 175 விழுக்காடு என்று வைத்தால் எல்லாம் உங்கள் கண்ணுக்கு ஏற்ற அளவுக்கு வந்துவிடும். அளவு அதே, கூர்மை அதிகம். இன்னும் மேலே போய் 4கே திரை வேண்டுமா? 16 அங்குலத்தில் தேவையில்லை. பேட்டரி சீக்கிரம் தீரும், விலையும் ஏறும். அறுபது வயதுக் கண்ணுக்கு 2560×1600க்கு மேல் பெரிதாக எதுவும் தெரியாது.

முதல் நாளிலிருந்தே வெளிறித் தெரிந்தது என்றீர்கள். உங்கள் கண்ணில் குறை இல்லை. விலை குறைந்த லேப்டாப்களின் விவரப் பட்டியலில் "45% என்டிஎஸ்சி" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். என்டிஎஸ்சி என்பது 1953இல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சிக்காக வகுத்த வண்ண அளவு, அதாவது காட்டக்கூடிய நிறங்களின் வரம்பு. கணினித் திரைகளுக்கென்று 1996இல் எச்பியும் மைக்ரோசாப்டும் சேர்ந்து வகுத்தது எஸ்ஆர்ஜிபி. 72% என்டிஎஸ்சி என்றால் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபிக்குச் சமம். 45% என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விட்டது என்று பொருள். சிவப்பு செங்கல் நிறமாகும். நீங்கள் மஞ்சளில் குறித்துவைத்த திருத்தம் வெள்ளைக் காகிதத்தோடு கரைந்துபோகும். "100% எஸ்ஆர்ஜிபி" என்று எழுத்தில் இருந்தால் வாங்குங்கள். "துல்லியமான வண்ணம்", "அழகிய காட்சி" என்று மட்டும் எழுதியிருந்தால் எண்ணைக் கேளுங்கள். எண் தர முடியாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பல நிறுவனங்களில் ஒரே பெயரில், ஒரே தோற்றத்தில் வரும் மாடலுக்கு இரண்டு மூன்று விதத் திரைகள் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரே குடும்பத்தில் இருவருக்கு ஒரே பெயருள்ள லேப்டாப்பை வாங்கச் சொன்னேன். ஆறு மாத இடைவெளியில் வாங்கினார்கள். ஒன்றில் நல்ல திரை, மற்றொன்றில் 45% திரை. மூடி வைத்தால் இரட்டைப் பிள்ளைகள்! அன்றிலிருந்து நான் மாடலின் பெயரைச் சொல்லிப் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டேன். "எதை வாங்கலாம்" என்று நீங்கள் கேட்டதற்கு ஒற்றைப் பெயரைச் சொல்லாமல் இவ்வளவு நீட்டுவதும் அதனால்தான். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணை, கடைசி எழுத்துவரை, நிறுவனத்தின் விவரப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள்.

வெளிச்சம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரையின் வெளிச்சத்தை நிட் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டுக்குள் 300 நிட் போதும். பால்கனி ஓரத்தில் பிற்பகலில் உட்காருகிறீர்கள் என்பதால் 400 நிட் பாருங்கள். திரை மேட் பூச்சு உள்ளதாக இருக்கட்டும். பளபளப்பான திரை கடையில் அழகாக இருக்கும். பால்கனியில் எழுத்துக்குப் பதிலாகக் கொடியில் காயும் துணியைக் காட்டும்.

கடைக்காரர் சொன்ன ஓஎல்இடியை நான் குறை சொல்ல மாட்டேன். படம் பார்ப்பவர்களுக்கும் புகைப்படக்காரர்களுக்கும் அது உண்மையிலேயே அருமையான திரை. அதன் கறுப்பு அசல் கறுப்பு. உங்கள் வேலையோ நாள் முழுக்க வெள்ளைப் பக்கம். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் வெள்ளைப் பக்கத்துக்குத்தான் மின்சாரம் அதிகம் செலவாகும். ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கும் கருவிப்பட்டை மெல்லிய தழும்பாகப் பதிந்துவிடும் வாய்ப்பும் உண்டு. பெரும்பாலும் பளபளப்பாகத்தான் வரும். இவற்றைவிட முக்கியமானது, ஒளியைக் குறைக்கும்போது பல ஓஎல்இடி திரைகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரியும். சிலருக்கு அது ஒன்றும் செய்யாது. சிலருக்குக் கண் வலிக்கும். கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. திரையின் ஒளியைக் கால்வாசிக்குக் குறைத்து, வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன் முன்னால் ஒரு பென்சிலை விசிறி போல வேகமாக ஆட்டுங்கள். பென்சில் தொடர்ச்சியான நிழலாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பென்சில்களாகப் பிரிந்து தெரிந்தால் திரை சிமிட்டுகிறது. பின்னாலிருந்து ஒளி பெறும் எல்சிடி வகையான ஐபிஎஸ் திரைகளிலும் விலை குறைந்தவை சில சமயம் சிமிட்டும். ஆகவே எந்தத் திரையானாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். உங்களுக்கு என் பரிந்துரை மேட் பூச்சுள்ள ஐபிஎஸ்தான்.

இனி டச்பேட். மவுஸ் வேண்டாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, உங்களுக்கு இது உதிரி வசதி அல்ல, கை. அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்புக்குறி குதிப்பது சார்ஜர் போட்டால் மட்டும்தான் என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள். நல்ல கவனிப்பு. அம்புக்குறியை நகர்த்த டச்பேட் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. விரல் அருகில் வரும்போது மின்புலத்தில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றத்தை அளக்கிறது. சார்ஜருக்கு எர்த் இணைப்பு சரியாக இல்லாவிட்டால் அதிலிருந்து கசியும் சிறு மின்னோட்டம் லேப்டாப்பின் உடம்பில் தங்கி அந்த அளவையைக் குழப்பிவிடும். உலோக உடம்புள்ள லேப்டாப்பைத் தொட்டால் மெல்லச் சுருக்கென்று உணர்வது இதே காரணத்தால்தான். அல்சூரின் பழைய வீடுகள் பலவற்றில் பிளக் பாயிண்டில் மூன்று துளை இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் வயரே இருக்காது. அல்லது மூன்று முள் பிளக்கை இரண்டு முள் மாற்றியில் செருகியிருப்போம். சாப்பாட்டு மேசைக்கு எக்ஸ்டென்ஷன் இழுத்திருந்தால் அதையும் பாருங்கள். புதிய லேப்டாப் வருவதற்குள் ஓர் எலெக்ட்ரீஷியனை அழைத்து, நீங்கள் உட்காரும் இரண்டு இடங்களிலும் எர்த் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் ஒன்றரை லட்சத்துக்கு லேப்டாப் வாங்கினாலும் அதே பிளக்கில் அதே அம்புக்குறி குதிக்கலாம். சில நூறு ரூபாய் வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டுப் புது லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தவர்களை நான் அறிவேன்.

நல்ல டச்பேட் என்பது எது? மேற்பரப்பு கண்ணாடியாக இருந்தால் விரல் வழுக்கிக்கொண்டு போகும். பிளாஸ்டிக்காக இருந்தால், கையில் கொஞ்சம் வியர்வை இருந்தாலும் விரல் ஒட்டி ஒட்டி நகரும். பெரும்பாலான டச்பேடுகளுக்குக் கீல் மேல் விளிம்பில் இருக்கிறது. கீழ்ப்பாதியை அமுக்கினால் சுலபமாக இறங்கும், மேலே போகப் போகக் கடினமாகும். பெருவிரலால் கீழே அமுக்கிப் பழகியவருக்கு இது பரவாயில்லை. கீலே இல்லாமல், எங்கே அழுத்தினாலும் ஒரே மாதிரி உள்ளிருந்து ஒரு சின்ன அதிர்வைத் தரும் வகையும் உண்டு. ஆப்பிள் 2015இல் மேக்புக்கில் கொண்டுவந்தது அதுதான். இப்போது விலை உயர்ந்த சில விண்டோஸ் லேப்டாப்களிலும் கிடைக்கிறது. தோள் வலிக்காரருக்கு அது பெரிய நிம்மதி. 90,000 ரூபாய்க்குள் 16 அங்குலத்தில் அது அமைவது அரிது. கிடைக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம். அமைப்பில் டச்பேட் பகுதிக்குப் போய் ஒரு விரலால் தட்டினால் கிளிக் என்பதை இயக்கிவிட்டால் அமுக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இராது. இரண்டு முறை தட்டி, இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் இழுத்தால் சொல்லைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு விரலால் பக்கத்தை நகர்த்தலாம். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

டச்பேட் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. 16 அங்குல லேப்டாப்கள் பலவற்றில் வலப்பக்கம் எண் விசைகள் இருக்கும். அதனால் எழுத்து விசைகளும் டச்பேடும் இடப்பக்கம் தள்ளிப்போகும். திரையின் நடுவுக்கு நேராக உட்கார்ந்தால் இரு கைகளும் இடப்பக்கம் சாயும். கைகளுக்கு நேராக உட்கார்ந்தால் கழுத்து வலப்பக்கம் திரும்பும். ஒரு மணி நேர வேலைக்கு இது தெரியாது. ஏழு மணி நேரம் என்றால் கழுத்தும் தோளும் கணக்கு வைத்துக்கொள்ளும். வங்கியில் இருந்தவர் நீங்கள், எண் விசைகள் மீது பிரியம் இருக்கலாம். மெய்ப்புத் திருத்தத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. எண் விசைகள் இல்லாத, டச்பேட் நட்டநடுவே உள்ள 16 அங்குலம் கிடைத்தால் அதற்கு இரண்டு மூன்று ஆயிரம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

ஆப்பிளின் 15 அங்குல மேக்புக் ஏர் என்று ஒன்று 2023இல் வந்தது. 15.3 அங்குலம், 2880×1864 புள்ளிகள், ஒன்றரைக் கிலோ எடை, எண் விசைகள் கிடையாது, டச்பேடுக்கு இணை சொல்ல முடியாது. நீங்கள் கேட்ட இரண்டையும் சேர்த்துத் தருவது அது. ஆனால் புதிதாக வாங்கினால் உங்கள் தொகையைத் தாண்டிவிடும், திரை பளபளப்பு. இன்னொன்றும் உண்டு. தமிழ்ப் பதிப்பகங்கள் சில இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில்தான் பக்கம் வடிவமைக்கின்றன. அதன் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. இன்றைய மேக்கில் ஓடாது. உங்களுக்கு வருவது பிடிஎஃப் அல்லது வேர்டு கோப்பு மட்டும் என்றால் மேக்கைப் பற்றி யோசிக்கலாம். பேஜ்மேக்கர் கோப்பு வருகிறது என்றால் விண்டோஸை விட்டு நகர வேண்டாம்.

மகனிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். கேமிங் லேப்டாப்களில் சிலவற்றுக்கு 16 அங்குலத்தில் மிக நல்ல 2560×1600 திரை இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அதில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி கிராபிக்ஸ் சிப்புக்குப் போகிறது. உங்கள் வேலைக்கு அது ஒரு ரூபாய்ப் பயனும் தராது. விளையாடுகிறவர்கள் மவுஸ் வைத்துக்கொள்வார்கள் என்று டச்பேடைப் பேருக்கு வைத்திருப்பார்கள். சார்ஜர் செங்கல் கனம். விசிறிச் சத்தம் வேறு. மகனுக்கு உதவ ஆசை என்றால், சனிக்கிழமை ஒரு நாள் உங்களோடு கடைக்கு வரச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவில் நீங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் புத்தகத்தின் ஒரு பக்கத்தை எடுத்துச் செல்லுங்கள். கடையின் விளம்பரப் படத்தில் பூவும் பறவையும் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒளியைப் பாதிக்குக் குறைத்து, எப்போதும் படிக்கிற தூரத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டு பார்க்க வேண்டாம், நாற்காலி கேளுங்கள். பத்து பாயிண்ட் அளவு எழுத்தில் கெ, கே வேறுபாடு தேடாமல் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு வரியின் நடுவே உள்ள ஓர் ஒற்றெழுத்துக்கு முன்னால் விரலால் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். ஒரே முயற்சியில் நிற்கிறதா? பத்து இடங்களில் செய்து பாருங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றிக்கொண்டு ஒரு பத்தி தட்டச்சு செய்யுங்கள். கை பட்டு கர்சர் வேறு வரிக்கு ஓடினால் அந்த லேப்டாப் வேண்டாம். கால் மணி நேரம் ஆகும். கூச்சப்படாதீர்கள், 90,000 ரூபாய் உங்களுடையது.

தொட்டுப் பார்க்க இந்திராநகர், எம்.ஜி. ரோடு பக்கமுள்ள நிறுவனக் காட்சியகங்களும் பெரிய கடைகளும் நல்லவை. அங்கே திறந்துவைத்த லேப்டாப்கள் வரிசையாக இருக்கும். கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பெரும்பாலும் பெட்டிகள்தான் அடுக்கியிருக்கும், திறந்து பார்க்க விட மாட்டார்கள். விலை பேசுவதற்கு அது சரியான இடம். உங்கள் அல்சூரின் ஹலசூரு மெட்ரோ நிலையத்தில் ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடத்துக்கு மாறி, சிக்பேட்டையில் இறங்கினால் நடக்கும் தூரம். முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். பெட்டியைக் கடையிலேயே பிரித்து, திரை முழுவதும் வெள்ளையாகவும் பிறகு கறுப்பாகவும் வைத்து, எரியாத புள்ளி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு புள்ளிகளுக்காகப் பெரும்பாலான நிறுவனங்கள் பிறகு திரையை மாற்றித் தருவதில்லை. ரேம் 16 ஜிபி இருக்கட்டும். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் அது போர்டோடு சேர்த்தே ஒட்டப்பட்டிருக்கும், பின்னால் கூட்ட முடியாது.

வந்து சேர்ந்ததும் திரையை உயர்த்துவதற்காக ஸ்டாண்டு வாங்கிவிடாதீர்கள். உயரத்தில் வைத்தால் டச்பேடுக்குக் கையைத் தூக்க வேண்டும், தோளுக்கு மவுஸைவிட அது மோசம். பின்பக்கம் மட்டும் ஓர் அங்குலம் உயரும்படி ஒரு கெட்டியான புத்தகத்தை வைத்தால் போதும். நாற்காலியைச் சற்று உயர்த்தி, முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி உட்காருங்கள்.

கடைசியாகப் பழைய லேப்டாப்பில் உள்ள உங்கள் கோப்புகள். பேட்டரி வீங்கியதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பேட்டரியைக் கழற்றும்போதே எஸ்எஸ்டியையும் கழற்றிக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கென்று சின்னக் கூடு விற்கிறது. அதில் போட்டால் பென் டிரைவ் மாதிரி புதிய லேப்டாப்பில் செருகிக்கொள்ளலாம். திறக்கும்போது மீட்புக் குறியீடு என்று 48 இலக்க எண்ணைக் கேட்டால் பதற வேண்டாம். விண்டோஸில் நீங்கள் நுழையப் பயன்படுத்திய மைக்ரோசாப்ட் கணக்கை மகனின் போனில் திறந்தால் பெரும்பாலும் அந்த எண் அங்கே இருக்கும். அதைத் தேடி எழுதி வைத்துவிட்டே பழைய லேப்டாப்பைச் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.